திருக்கோணமலைத் துறைமுகமும் மதுச் சட்டங்களும்: ஒரு வரலாற்று நோக்கு

தவறணையொன்று எத்தனை மணிக்குத் திறக்கப்படுகின்றது, எத்தனை மணிக்குப் பூட்டப்படுகின்றது என்பது வரலாற்றாசிரியர் பெரிதும் பொருட்படுத்தாத ஒரு வினா. திருக்கோணமலையின் வரலாற்றை எழுதப் புகுவோரின் கண்ணிற் கோயிலும் கோட்டையும் போருமே முதலிற் படுகின்றன. சுவாமிமலை மீதிருந்த கோணேசர் ஆலயத்தைப் போர்த்துக்கேயர் இடித்தமை, 1782 இல் பிரான்சியத் தளபதி சுப்ரேன் இத்துறைமுகத்தைக் கைப்பற்றியமை, 1795 ஓகஸ்ற்றில் அது ஒல்லாந்தரிடமிருந்து பிரித்தானியர் கைக்கு மாறியமை, 1942 ஏப்ரல் 9 ஆம் நாள் யப்பானிய விமானங்கள் குண்டுமாரி பொழிந்தமை ஆகியன மாணவர் நன்கறிந்த செய்திகள். ஆயினும், அரசு குடிமக்களின் அன்றாட வாழ்வினுள் எத்துணைத் தூரம் கைநீட்டியது என்பதை அறிய விழைவோர்க்குத் தவறணைக் கதவு நல்லதொரு சான்றாகும். யாருடைய குடியை அடக்குதற்காக அது மூடப்பட்டது, யாருடைய வருவாயைப் பெருக்குதற்காக அது திறக்கப்பட்டது என்னும் வினாக்கள் துறைமுக நகரொன்றில் ஏனைய ஊர்களைவிடக் கூர்மை பெறுகின்றன.

தமிழர் மதுவை நோக்கிய முறையில் தொன்றுதொட்டே இருமனப்பாங்கு உண்டு. சங்கப் பாணர்க்குக் கள் புரவலனின் வள்ளன்மைக்கு அடையாளம். யவனரின் கப்பல்வழி வந்த மதுவைப் பற்றிய செய்தியும் புறநானூற்றிற் காணப்படுகின்றது. துறைமுகமும் மதுவும் அன்றே உறவு பூண்டிருந்தன எனலாம். வள்ளுவரோ கள்ளுண்ணாமைக்கெனத் தனியதிகாரமே வகுத்தார். அவ்வதிகாரம் அறத்துப்பாலில் அமையாது, பொருட்பாலில், வரைவின் மகளிர்க்கும் சூதுக்கும் இடையில் அமைந்துள்ளமை நோக்கற்பாலது. குடியை அவர் தனிமனிதனின் பாவமாக மட்டும் கொள்ளவில்லை. பொருளையும் பொதுமதிப்பையும் அழிக்கும் கேடாகவே கண்டார். கிழக்கிலங்கையிலும் இவ்விரு போக்குகளும் அருகருகே வாழ்ந்தன. ஆகமநெறிக் கோயிலுக்குச் செல்வோர் குடியை இழிவெனக் கருதினர். சிறுதெய்வ வழிபாட்டிலோ சாராயமும் கள்ளும் படையற் பொருள்களாயின. கிண்ணியா, மூதூர் முதலிய இடங்களில் வாழும் முஸ்லிம் மக்களுக்கு மது மார்க்கத்தால் விலக்கப்பட்டது. ஆக, சட்டம் வருமுன்னரே குடிக்கு எல்லை வகுக்கும் மரபுகள் இம்மாவட்டத்தில் இருந்தன.

இதற்கு அயலவர் ஒருவரின் சான்றும் உண்டு. 1660 ஆம் ஆண்டில், புயலிற் பாய்மரம் இழந்த ஆங்கிலக் கப்பலொன்று பழுதுபார்த்தற்பொருட்டுக் கொட்டியாரக்குடாவிற்கு வந்தது. அதன் தலைவரும் அவர்தம் மகன் றொபேட் நொக்சும் பிறரும் கண்டியரசனின் ஆட்களாற் சிறைபிடிக்கப்பட்டனர். ஏறத்தாழ இருபதாண்டுகள் கண்டி நாட்டில் வாழ்ந்து தப்பிச் சென்ற நொக்ஸ் 1681 இல் வெளியிட்ட நூலில், அந்நாட்டு மக்கள் வெறிக்குடியைப் பெரிதும் அருவருத்தனர் என எழுதினார். அருவருப்பை ஊட்டியது ஊர்வழக்கு. பூட்டும் திறப்பும் அன்று.

கள்ளின் இயல்பையும் இங்கு விளங்கிக்கொள்ளல் வேண்டும். பாளையைச் சீவிக் கட்டிய முட்டியில் ஊறும் சாறு, உள்ளே சுண்ணாம்பு பூசப்பட்டிருப்பின் கருப்பநீராய் இனித்திருக்கும். பூசப்படாவிடின் ஊறத் தொடங்கிய பொழுதே புளிக்கத் தொடங்கும். காலையில் இறக்கிய கள் மாலைக்குக் காரமேறும், மறுநாள் காடியாகும். எனவே கள்ளுக்கு மரமே நேரம் வகுத்தது. சீவல் தொழிலாளி ஏறி இறங்கும் விடியலும் அந்தியுமே அதன் விற்பனை வேளைகள். பனைக்கு ஆண்டிற் சில மாதங்களே பருவம். ஏனைய மாதங்களிற் பனங்கள் தானே அருகும். சாராயம் அத்தகையதன்று. வடித்துப் பீப்பாயில் அடைத்தால் ஆண்டுக்கணக்கில் இருக்கும், கப்பலேறும், எந்த மணியிலும் விற்கப்படும். கடிகாரத்தின்படி கதவு திறக்கும் தவறணை ஏற்பட்டபோது, அவ்வேற்பாடு மரத்தின் குடிவகையைவிடப் பீப்பாயின் குடிவகைக்கே இயைபாயிற்று. மதுவரிச் சட்டங்களை ஆராய்வோர் இத்தொழினுட்ப வேறுபாட்டைப் பெரும்பாலும் கவனியாது விடுகின்றனர்.

ஒல்லாந்தக் கம்பனி சாராய விற்பனையைக் குத்தகைக்கு விட்டது. பிரித்தானியர் அம்முறையை அவ்வாறே தொடர்ந்தனர். மக்கள் வழக்கில் றேந்தை எனப்பட்ட இம்முறையின்படி ஒரு பிரதேசத்திற் சாராயம் விற்கும் தனியுரிமை ஏலத்தில் விடப்படும். மிக்க தொகை கேட்டவன் முற்பணம் செலுத்தி அவ்வுரிமையைப் பெறுவான். பின்னர்த் தவறணைகளைத் திறந்து, செலுத்திய பணத்தையும் இலாபத்தையும் குடிப்போரிடமிருந்து பெற்றுக்கொள்வான். 1844 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இம்முறையை ஒழுங்குபடுத்திற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிற் பல ஆண்டுகளில் அரசிறையின் பத்திலொரு பங்குக்குக் குறையாத தொகை இவ்வழி கிடைத்தது. தென்மேற்குக் கரையோரக் குடும்பங்கள் சில றேந்தையாற் பெருஞ்செல்வம் ஈட்டி, அச்செல்வத்தைத் தோட்டங்களிலும் காரீயச் சுரங்கங்களிலும் முதலிட்டு, புதிய மேட்டுக்குடியாய் எழுந்த வரலாற்றைக் குமாரி ஜெயவர்த்தனா 2000 ஆம் ஆண்டில் வெளியான தம் நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். குத்தகைகாரன் கண்ணுக்கு மூடிய தவறணை ஒவ்வொரு மணியும் இழப்பே. குத்தகைத் தொகை குறையுமோ என அஞ்சிய அரசுக்கும் அவ்வச்சம் இல்லாமலில்லை.

இதே அரசுக்கு மற்றொரு கவலையும் இருந்தது. படைநிலைகள் சூழ்ந்த திருக்கோணமலையிற் சாராயம் மலிவாய்க் கிடைத்தல் போர்வீரரின் ஒழுங்குக்கும் உடல்நலத்துக்கும் ஊறு விளைப்பதாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கையிற் படைமருத்துவராய்ப் பணியாற்றிய ஹென்றி மார்ஷல், போர்வீரர்க்கு அரசே நாடோறும் மதுப்பங்கு வழங்கும் வழக்கத்தைக் கடிந்து எழுதியவருள் முதன்மையானவர். குடியைத் தண்டித்துக்கொண்டே குடியைப் படியாக அளக்கும் முரண்பாட்டை அவர் நன்கு கண்டார். ஒரு கையாற் றேந்தைப் பணத்தை வாங்கி, மறுகையாற் குடித்த சிப்பாய்க்குக் கசையடி வழங்கிய ஆட்சியின் இரட்டை முகம் இக்கரையில் வெளிப்படையாய்த் தெரிந்தது.

கப்பலில் நிலைமை இன்னும் விசித்திரமானது. பிரித்தானியக் கடற்படையின் 1731 ஆம் ஆண்டு விதிகள் பியருக்குப் பதிலாகப் பிராந்தியோ, றம்மோ, சாராயமோ வழங்க இடமளித்தன. கீழைக் கடல்களில் றம் கிடைப்பது அரிதாகையால் ஆசியச் சாராயமே அவ்விடத்தை நிரப்பிற்று. 1740 இல் அட்மிரல் வேர்ணன் அதனை நீர்கலந்து அளக்கப் பணித்தார். 1824 இல் அளவு பாதியாயிற்று. நூற்றாண்டின் நடுப்பகுதியில் மீண்டும் பாதியாயிற்று. முற்பகலில் ஊதப்படும் அழைப்புக்கு மாலுமிகள் வரிசையில் நின்று தம் பங்கைப் பெறுவர். அஃதொழிந்த பொழுதெல்லாம் குடி குற்றம். இங்ஙனம் மணிப்படி குடித்துப் பழகிய ஒருவன் பல வாரங்கள் கடலிற் கழித்துச் சம்பளப் பணத்துடன் உட்துறைமுகத்திற் கரையிறங்கும்போது, அவனுக்குத் தவறணைக் கதவு எத்தகைய விடுதலையாய்த் தோன்றியிருக்கும் என்பதை ஊகித்தல் கடினமன்று. அவனைக் கப்பலுக்கு மீட்டல் கடற்படையின் சிக்கல்; அவன் விட்டுச் சென்ற ஆரவாரத்தையும் அடிதடியையும் பொறுத்தல் ஊராரின் சிக்கல். முன்னையதற்கே சட்டம் விரைந்து வழிகண்டது.

இலங்கையின் மதுவரி வரலாற்றில் 1912 ஒரு திருப்புமுனை. அவ்வாண்டின் 8 ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம் பழைய றேந்தை முறைக்கு மாற்றாக மதுவரித் திணைக்களத்தின் நேரடிக் கண்காணிப்பைக் கொணர்ந்தது. கள்ளும் சாராயமும் வேறுபிரிக்கப்பட்டுக் கள்ளுக்கெனத் தனித் தவறணைகள் பெருந்தொகையில் திறக்கப்பட்டன. அனுமதியின்றிக் கள்ளுக்கு மரம் சீவுதல் குற்றமாயிற்று. தன் வளவில் நின்ற பனையிலும் தென்னையிலும் முட்டி கட்டுவதற்கு ஒருவன் அரசின் சீட்டை நாட நேர்ந்தது. ஊர்கள் தோறும் தவறணை முளைப்பதைக் கண்டு கொதித்தெழுந்த மதுவிலக்கு இயக்கம் எப். ஆர். சேனநாயக்கா, டி. பி. ஜயதிலகா போன்றோரின் தலைமையில் நாடளாவி வளர்ந்தது. அது குடியை மட்டும் எதிர்த்த இயக்கமன்று; குடியால் வாழ்ந்த அந்நிய அரசையும் எதிர்த்தது. ஆட்சியாளரும் அதனை அவ்வாறே கண்டனர். 1915 ஆம் ஆண்டுக் கலவரத்தின்போது மதுவிலக்குத் தலைவர் பலர் சிறையிலிடப்பட்டமையும், அவர்கள் பொருட்டுச் சட்டநிரூபண சபையிற் பொன்னம்பலம் இராமநாதன் வாதாடியமையும் யாவரும் அறிந்தவை.

அவ்வியக்கம் பெற்ற குறிப்பிடத்தக்க வெற்றி உள்ளூர் வாக்கெடுப்பு உரிமையாகும். ஓர் ஊரின் தவறணை இருக்கலாமா, நீங்கலாமா என்பதை அவ்வூரார் வாக்களித்துத் தீர்மானிக்கலாம் என அரசு இணங்கிற்று. ஆனால் சாதாரண பெரும்பான்மை போதாது; அதனினும் உயர்ந்த விழுக்காடு வேண்டும் என விதித்தது. கொடுத்த கதவை ஒருக்களித்துக் கொடுத்தது எனலாம். அவ்வாறிருந்தும் யாழ்ப்பாணக் குடாநாட்டிற் பல தவறணைகள் இவ்வழி மூடப்பட்டன. அமெரிக்க மிசனரிமார் காலந்தொட்டே அங்கு வேரூன்றியிருந்த மதுவொழிப்புப் பிரசாரமும், சைவ ஒழுக்க எழுச்சியும், செறிந்த நிலைக்குடிகளும் அவ்வெற்றிக்குத் துணைநின்றன.

துறைமுகப் பட்டினத்திலோ இவ்வுரிமையின் அடிப்படையே தளர்கின்றது. உள்ளூர் வாக்கெடுப்பு, குடிப்பவனும் குடியால் துன்புறுபவனும் ஒரே ஊரவர் என்னும் எண்ணத்தின் மீது அமைந்தது. கப்பலோடு வந்து கப்பலோடு செல்லும் மாலுமி வாக்காளனல்லன். ஆயினும் தவறணைப் பெட்டியை நிரப்புபவன் அவன். துறைமுகத்திற் கூலிவேலை தேடி வந்து சில மாதம் தங்குவோரின் நிலையும் ஏறத்தாழ அதுவே. ஊராரின் வாக்குக்கு ஒரு பக்கத்தில் திறைசேரியும் மறுபக்கத்தில் ஏகாதிபத்தியக் கடற்படையும் நின்றன. விவசாயக் கிராமத்துக்குப் பொருந்திய சட்டம் துறைமுகத்துக்கு அத்துணை எளிதிற் பொருந்தாமைக்குக் காரணம் மக்களின் ஒழுக்கக் குறைவன்று. நகரின் அமைப்பே காரணம்.

மதுவிலக்கு இயக்கத்தாரின் பார்வையிலும் ஒரு குறை இருந்தது. தவறணையை மூடியபோது சீவல் தொழிலாளியின் அடுப்பு என்னாகும் என்று அவர்கள் பெரிதும் கேட்டிலர். சாதிப்படியில் ஒடுக்கப்பட்டிருந்த அம்மக்களின் தொழிலை இழிவெனப் பேசுதல் எளிதாயிருந்தது. 1972 ஆம் ஆண்டளவிற் சீவல் தொழிலாளரைக் கூட்டுறவுச் சங்கங்களாக அமைத்துக் கள் விற்பனையை அவர்களிடமே ஒப்படைக்கும் முயற்சி தொடங்கும்வரை, ஏலத்தில் வென்ற முதலாளிக்கே அவர்களின் முட்டி சேர்ந்தது. ஒழுக்கப் பிரசாரம் செய்தோரை இங்குக் குறைகூறுவது அவர்களின் நோக்கத்தை மறுப்பதாகாது. அந்நோக்கத்தின் செலவை யார் சுமந்தனர் என்பதைக் கணக்கிடுவதேயாம்.

மதுக்கடைகளின் நேரத்தைக் கண்டிப்பாய் வரையறுக்கும் நவீன வழக்கம் பிரித்தானியாவிலேயே துறைமுகங்களோடு பிணைந்து வளர்ந்தது என்பது பலருக்கு வியப்பாகலாம். 1914 ஓகஸ்ற்றில் போர் மூண்டவுடன் பிறப்பிக்கப்பட்ட நாட்டுப் பாதுகாப்பு விதிகள், அரண்செய்யப்பட்ட துறைமுகங்களின் அயலிலுள்ள மதுச்சாலைகளை மூடப் பணிக்கும் அதிகாரத்தைக் கடற்படை, தரைப்படை அதிகாரிகட்கு அளித்தன. 1915 இல் அமைக்கப்பட்ட மதுக் கட்டுப்பாட்டுச் சபை, ஆயுதத் தொழிற்சாலைகள் இருந்த பகுதிகளுக்கும் இதனை விரித்து, நண்பகலிற் சில மணியும் மாலையிற் சில மணியும் மட்டுமே விற்பனையை அனுமதித்தது. போர் முடிந்தும் விதி முடியவில்லை. பிற்பகற் பூட்டு 1988 ஆம் ஆண்டுவரை இங்கிலாந்தில் நிலைத்தது. இலங்கையின் உரிமங்கள் சிலவற்றில் நண்பகலும் மாலையும் எனப் பிரித்துக் குறிக்கப்பட்ட விற்பனை நேரங்களைக் காண்போர்க்கு இதன் சாயல் புலப்படும்.

இரண்டாம் உலகப் போரிற் சிங்கப்பூர் வீழ்ந்தபின் திருக்கோணமலையின் முதன்மை பன்மடங்காயிற்று. சீனன்குடாவின் எண்ணெய்த் தாங்கிகளும் விமானத் தளமும் கடற்படைத் தளமும் ஆயிரக்கணக்கான படையினரை இங்குக் குவித்தன. படையினர்க்கெனக் கன்ரீன்கள் இருந்தன. அவற்றின் நேரத்தைப் படை வகுத்தது. ஊர்த் தவறணை மதுவரித் திணைக்களத்துக்கு உட்பட்டது. வேலியின் இருபுறத்தும் இருவேறு நேரவிதிகள் வழங்கின. 1957 ஒக்ரோபர் 15 ஆம் நாள் தளம் இலங்கை அரசிடம் ஒப்படைக்கப்பட்டபோது மாலுமிகளின் வழக்கமும் அவர்களோடு கப்பலேறிற்று. நாள்தோறும் றம் அளக்கும் வழக்கத்தைப் பிரித்தானியக் கடற்படை 1970 யூலை 31 ஆம் நாள் நிறுத்திக்கொண்டது. அது தந்த மதுவரி முறைமை மட்டும் இங்கு எஞ்சிற்று.

மதுவோடு ஒப்பிடுகையில் அபினின் கதை வேறு திசையிற் சென்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அபினும் உரிமம் பெற்ற கடைகளில் விற்கப்பட்ட பண்டமே. நாட்டு வைத்தியர்க்கு அது மருந்துச் சரக்கு. மக்கள் எதிர்ப்பின் விளைவாக 1907 இல் ஒரு குழு ஆராய்ந்தது. 1910 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அபின் இறக்குமதியை அரசின் கையில் வைத்து, பதிவுசெய்த நுகர்வோர்க்கும் வைத்தியர்க்கும் மட்டுமே வழங்க வகைசெய்தது. 1929 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்க நஞ்சுகள், அபின், அபாயகர ஒளடதங்கள் கட்டளைச் சட்டம் அதனை முற்றாகக் குற்றவியலின் எல்லைக்குள் நகர்த்திற்று. 1984 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்கத் திருத்தம் ஹெரோயின் கடத்துவோர்க்கு மரணதண்டனை அல்லது ஆயுட்சிறை விதித்தது. 2022 இல் ஐஸ் எனப்படும் போதைப்பொருளும் அவ்வரிசையிற் சேர்க்கப்பட்டது. ஒரே காலத்தில் ஒரே அரசின் கீழ் விற்கப்பட்ட இரு பொருள்களுள் ஒன்று தூக்குமேடைவரை சென்றது. மற்றது திறைசேரியின் தூணாய் நிலைத்தது. உடற்கேட்டின் அளவு மட்டும் இவ்வேறுபாட்டை விளக்காது. அபினுக்கு எதிராகச் சர்வதேச உடன்படிக்கைகள் எழுந்தன; சாராயத்துக்கு எதிராக எழவில்லை. அபின் வருவாயை இழக்க அரசால் இயன்றது. சாராய வருவாயை இழக்க இயலவில்லை.

தமிழகத்தின் வரலாறும் இதனையே காட்டுகின்றது. 1937 ஒக்ரோபர் 1 ஆம் நாள் சேலம் மாவட்டத்தில் இராஜாஜி தொடங்கிய மதுவிலக்கு 1948 இல் சென்னை மாகாணம் முழுவதும் பரவிற்று. 1971 இல் தளர்த்தப்பட்டது. 1974 இல் மீண்டது. 1983 இல் டாஸ்மாக் நிறுவப்பட்டு, 2003 முதற் சில்லறை விற்பனையும் அரசிடமே வந்தது. 2016 இல் ஆட்சி மீண்டும் அமைந்தவுடன் முதலமைச்சர் ஜெயலலிதா செய்தவற்றுள் ஒன்று, காலை 10 மணிக்குத் திறந்த கடைகளை நண்பகல் 12 மணிக்குத் திறக்கப் பணித்தமையாகும். முழுவிலக்குக் கைகூடாதவிடத்து அரசு கடிகார முள்ளைத் தள்ளிவைத்து மக்களுக்கு விடை கூறுகின்றது.

விடுதலை பெற்ற இலங்கையும் அவ்வாறே செய்தது. முழுமதி நாளில் மது விற்பனை தடுக்கப்பட்டது. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் எவரும் பாதியை எட்டாத தொகையில் வாழும் திருக்கோணமலை மாவட்டத்தில், ஒரு சமயத்தின் நாட்காட்டி எல்லார்க்கும் தவறணைப் பூட்டாயிற்று. எனினும் இவ்விலக்கை எதிர்த்துப் பிற சமயத்தார் பெரிதாகக் குரலெழுப்பாமைக்கு அவர்தம் மரபுகளும் குடியை விரும்பாமையே காரணமாகலாம். 1983 இன் பின்னரோ நேரவிதியை வகுத்தது மதுவரித் திணைக்களமன்று, ஊரடங்குச் சட்டமே. கலவரமும் போரும் நிகழ்ந்த ஆண்டுகளிற் கடைத்தெரு முழுவதும் பொழுதோடு பூட்டப்பட்டபோது தவறணையும் பூட்டப்பட்டது. பூட்டிய தவறணை குடியை ஒழிக்கவில்லை. கசிப்பு காய்ச்சுவோர்க்குக் கடிகாரமும் இல்லை, சீட்டும் இல்லை. 2020 மார்ச்சில் நோய்த்தொற்றின் பொருட்டு நாடு முழுவதும் ஊரடங்கு விதிக்கப்பட்டபோதும் கசிப்பே அவ்விடத்தை நிரப்பிற்று.

1979 டிசெம்பரில் வெளியான மதுவரி அறிவித்தலொன்று, தவறணையிற் பெண்களுக்கு மது விற்றலைத் தடுத்தது. மது விற்கும் இடங்களில் அவர்கள் தொழில் புரிவதற்கும் முன்னனுமதி வேண்டிற்று. 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் 21 வயதுக்குக் குறைந்தோர்க்கு விற்றலைத் தடுத்தபோது ஆண், பெண் என வேறுபடுத்தவில்லை. எனினும் பழைய அறிவித்தல் நீக்கப்படவில்லை. 2018 சனவரி 10 ஆம் நாள் நிதியமைச்சர் மங்கள சமரவீர அத்தடையை நீக்கினார். விற்பனை நேரமும் அதனோடு நீட்டப்பட்டது. சில நாள்களுள் சனாதிபதி மைத்திரிபால சிறிசேன இரண்டையும் மீளப்பெறப் பணித்தார். பெண்கள் சிலர் உயர்நீதிமன்றத்திற் சமத்துவ உரிமை கோரி மனுச் செய்தனர். அவர்கள் கேட்டது குடிக்கும் வாய்ப்பையன்று, சட்டத்தின்முன் ஆணோடொத்த நிலையை. கணவனின் சம்பளநாளில் தவறணை வாயிலிற் காத்துநின்ற மனைவியரைத் துறைமுக வட்டாரம் நெடுங்காலம் அறியும். றேந்தை ஏலத்திலும், 1912 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்திலும், கடற்படையின் விதிகளிலும் அவர்களைப் பற்றிய சொல்லொன்றும் இல்லை. 1979 இல் அவர்கள் இடம்பெற்றபோது விலக்கப்படுவோராகவே இடம்பெற்றனர்.